டேட்டாஷீட்டில் இல்லாத பக்கம்

ப்ராஜெக்ட் சீசன் தொடங்கிவிட்டது. ஹாஸ்டலில் எந்த ரூமுக்குள் எட்டிப் பார்த்தாலும் ஒரே புலம்பல்தான். "டேட்டாஷீட் டவுன்லோட் பண்ணிட்டேன்டி, நூத்துக்கணக்கில பக்கம் இருக்கு. பின் நம்பர் இருக்கு, டைமர் இருக்கு, வோல்டேஜ் இருக்கு. ஆனா அசெம்ப்ளில எழுதணும்னா இன்ஸ்ட்ரக்ஷனைப் பத்தி விளக்கமே இல்லையே!"

இருக்கிறது. ஆனால் அந்தப் புத்தகத்தில் இல்லை. எந்தப் புத்தகத்தில் இருக்கிறது, ஏன் அங்கே இருக்கிறது என்பது எனக்குப் புரிய ஒரு செமஸ்டர் ஆனது. அதை இங்கே எழுதி வைக்கிறேன். இதில் கொஞ்சம் கடலும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கோடியக்கரைப் பொண்ணு.

ஒரு கிட், ஒரு சார்ட்

நம்மைப் பழக்கியது மைக்ரோப்ராசசர் லேப். 8085 கிட், பக்கத்தில் லேமினேட் செய்த ஒரே ஒரு ஆப்கோடு சார்ட். 21 என்றால் எல்எக்ஸ்ஐ ஹெச், 32 என்றால் எஸ்டிஏ, கடைசியில் 76 அடித்தால் ஹால்ட். ரெக்கார்டு நோட்டில் எழுதினோம், கீபேடில் தட்டினோம், எக்ஸ்டர்னலிடம் கையெழுத்து வாங்கினோம். இன்டெல் 8085 வந்தது 1976-இல். அதன் ஆப்கோடு மொத்தம் 246. குறுக்கே 16, நெடுக்கே 16 கட்டம் போட்டால் ஒரே தாளில் அடங்கிவிடும். 1980-இல் வந்த 8051-உம் அப்படித்தான். 256 கட்டத்தில் 255 நிரம்பியிருக்கும், ஏ5 என்ற ஒரு கட்டம் மட்டும் காலி.

இதனால் நம் மனதில் ஒரு கணக்கு உட்கார்ந்துவிட்டது: ஒரு சிப் என்றால் ஒரு கம்பெனி, ஒரு கம்பெனி என்றால் ஒரு சார்ட். அன்றைக்கு அது சரி. கோரை டிசைன் செய்தவரும் சிப்பை விற்றவரும் மேனுவல் எழுதியவரும் ஒருவரே. இன்று ஒரு சிப்புக்குள் கோர் ஒருவருடையது, டைமரும் யுஆர்ட்டும் இன்னொருவருடையது, அதற்குக் கோடு மொழிபெயர்க்கும் கம்பைலர் மூன்றாவது ஆளுடையது. மூன்று பேரும் தனித்தனியாகப் புத்தகம் எழுதுகிறார்கள். ஒருவர் எழுதியதை அடுத்தவர் திரும்ப எழுதுவதில்லை. நாம் தேடும் விஷயம் பெரும்பாலும் நாம் திறக்காத புத்தகத்தில்தான் இருக்கும்.

ஊருக்குத் தெற்கே ஒரு கோடு

எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்கு: வேதாரண்யத்தில் பஸ் ஏறினால் உப்பளம் தாண்டி, காடு தாண்டி, ரோடு முடிகிற இடம் கோடியக்கரை. பூநாரையும் வெளிமானும் பார்க்க நீங்கள் வருவீர்கள். எங்கள் வீட்டில் அப்பாவுக்கு உப்பளம், சித்தப்பாவுக்குக் கடல். ஐப்பசியில் தொடங்கி பங்குனி வரை சீசன். வெளியூர்ப் படகுகளும் வந்து தங்கும், கரை முழுக்க வலையும் ஐஸ் பெட்டியுமாக இருக்கும்.

ஊருக்குத் தெற்கே கடலில் ஒரு கோடு போகிறது. கண்ணுக்குத் தெரியாத கோடு. 1974-இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் அது ஆறு புள்ளிகளாக எழுதப்பட்டிருக்கிறது. எங்கள் ஊருக்கு நேர் எதிரே வருவது முதல் இரண்டு புள்ளிகள். முதலாவது, வடக்கு 10 பாகை 5 நிமிடம், கிழக்கு 80 பாகை 3 நிமிடம். இரண்டாவது, வடக்கு 9 பாகை 57 நிமிடம், கிழக்கு 79 பாகை 35 நிமிடம். இரண்டையும் இணைத்தால் எல்லை. தாண்டினால் காங்கேசன்துறை, யாழ்ப்பாணம் ஜெயில், படகு பறிமுதல். அந்தப் பக்கம் இருக்கிறவர்களும் தமிழ் பேசுகிற மீனவர்கள்தான், அவர்களுக்கும் வலை இருக்கிறது, பிழைப்பு இருக்கிறது. இரவில் வலை விட்டு இன்ஜினை அணைத்துவிட்டால் படகு வலையோடு சேர்ந்து நீரோட்டத்தில் போய்க்கொண்டே இருக்கும். தூங்கி எழுந்தால் எந்தப் பக்கம் என்று தெரியாது.

அதனால்தான் டெல்டாவில் இருக்கும் கல்லூரிகளில் "மீனவர் எல்லை எச்சரிக்கைக் கருவி" என்ற ப்ராஜெக்ட் வருடா வருடம் யாராவது செய்துகொண்டே இருக்கிறார்கள். ஒரு ஜிபிஎஸ் மாட்யூல், ஒரு மைக்ரோகன்ட்ரோலர், ஒரு பஸர். எல்லை நெருங்கினால் கத்தும். 2024 ஆகஸ்டில் ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டத்தை மத்திய அரசே தொடங்கிவிட்டது, தொழில்நுட்பம் இஸ்ரோவுடையது. அப்புறம் எதுக்கு நம்ம பொட்டி என்று கேட்கலாம். ஒரு காரணம் மார்க். இன்னொரு காரணம், சித்தப்பா கேட்டார்.

எங்கள் டீமுக்குக் கிடைத்தது மூன்று பேட்ச் கைமாறி வந்த கோடு. ஏடிமெகா328பி சிப். கணக்கு சி-யில் இருந்தது. ஒரு சின்னப் பகுதி மட்டும் தனி அசெம்ப்ளி கோப்பில் இருந்தது. எந்த சீனியர் ஆசைப்பட்டு எழுதினாரோ தெரியாது. "ஸ்பீடுக்காக" என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி.

கணக்கு இதுதான்

ஜிபிஎஸ் மாட்யூல் இடத்தைப் பாகையும் நிமிடமுமாகத்தான் அனுப்புகிறது. வடக்கு-தெற்கில் ஒரு நிமிடம் என்பது ஒரு கடல் மைல், அதாவது 1852 மீட்டர். கிழக்கு-மேற்கில் ஒரு நிமிடம் கொஞ்சம் சின்னது. பத்தாவது பாகையில் அதை 0.985-ஆல் பெருக்கவேண்டும். எட்டு பிட் சிப்பில் தசமம் சுமை, அதனால் சீனியர்கள் ஒரு தந்திரம் செய்திருந்தார்கள்: 252-ஆல் பெருக்கி 256-ஆல் வகுப்பது. 252/256 என்பது 0.984. 256-ஆல் வகுக்க வகுக்கவே வேண்டாம், கடைசி பைட்டைத் தூக்கிப் போட்டால் போதும். அழகான வேலை. அந்தப் பெருக்கல்தான் அசெம்ப்ளியில் இருந்தது.

இப்போது ஊரை 10 பாகை 17 நிமிடம், 79 பாகை 50 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது புள்ளியிலிருந்து வடக்கே 20 நிமிடம், கிழக்கே 15 நிமிடம். நிமிடத்தில் நூறில் ஒரு பங்கை அலகாக எடுத்தால் 2000, 1500. அந்த 1500-ஐ 252/256-ஆல் சுருக்கினால் 1477. எல்லைக் கோடு அதே அலகில் கிழக்கே 2756, வடக்கே 800. குறுக்குப் பெருக்கம் 2756 × 2000 கழித்தல் 800 × 1477, அதாவது 43,30,400. கோட்டின் நீளம் 2870. வகுத்தால் 1509. ஊரிலிருந்து எல்லை சுமார் 15.1 கடல் மைல்.

பேப்பரில் 15.1. லீவுக்குப் போனபோது வீட்டு வாசலில் வைத்து ஆன் செய்தால், பொட்டி 12.2 காட்டியது.

சித்தப்பா பார்த்துவிட்டுச் சிரித்தார். "இஞ்சேருந்து கோடு பதினஞ்சு மைலுன்னு சின்னப் பயலுக்குக்கூட தெரியும். ஒம் பொட்டி பன்னெண்டுங்குது. மூணு மைலுக்கு முன்னாடியே கத்துனா ரெண்டு நாளு திரும்பி வருவோம்மா. மூணாம் நாளு ஒயரைப் புடுங்கிடுவோம்."

விளையாட்டாகச் சொன்னதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. மூன்று மைல் என்பது டீசல், மீன், ஒரு ராத்திரி. பொய்யாகக் கத்துகிற பொட்டியை அணைத்து வைப்பார்கள். அணைத்து வைத்த பொட்டி உண்மையான அன்றைக்கும் கத்தாது. புலி வருது கதை தான்.

256 என்ற துப்பு

சீனியர் ரிப்போர்ட்டில் டெஸ்ட் ரிசல்ட் அட்டவணை இருந்தது. எல்லாம் சரியான விடை. உற்றுப் பார்த்தால், சோதித்த இடங்கள் அத்தனையும் இரண்டாவது புள்ளியிலிருந்து கிழக்கே 5 நிமிடத்துக்குள். எங்கள் ஊர் 15 நிமிடத்தில் இருக்கிறது.

லேப்டாப்பிலிருந்து ஜிபிஎஸ் மாதிரியே வரிகளை அனுப்பி, சுருக்கிய பிறகு வரும் எண்ணை மட்டும் பிரின்ட் செய்து பார்த்தேன். 3 நிமிடம், சரி. 5 நிமிடம், சரி. 6 நிமிடத்தில் 2.56 கூடுதல். 8 நிமிடத்தில் 5.12 கூடுதல். 15 நிமிடத்தில் 10.24 கூடுதல். எங்கள் அலகில் சொன்னால் 256, 512, 1024. தப்பு எப்போதும் 256-இன் மடங்கு. ஃபார்முலா தப்பாக இருந்தால் இப்படிச் சுத்தமான எண் வராது. எட்டாவது பிட்டுக்கு மேலே, அதாவது மேல் பைட்டில், யாரோ கை வைக்கிறார்கள்.

இனிமேல் கோடை முறைத்துப் பார்த்துப் பயனில்லை, ஒவ்வொரு இன்ஸ்ட்ரக்ஷனும் என்ன செய்கிறது என்று தெரியவேண்டும். தேடல் தொடங்கியது இங்கேதான்.

முதல் புத்தகம்: சிப்புடையது

ஏடிமெகா328பி முழு டேட்டாஷீட்டின் கடைசிப் பக்கங்களில் "இன்ஸ்ட்ரக்ஷன் செட் சம்மரி" என்று ஒரு அட்டவணை உண்டு. 131 இன்ஸ்ட்ரக்ஷன், ஒவ்வொன்றுக்கும் ஒரே வரி: பெயர், என்ன செய்யும், எந்த ஃப்ளாக் மாறும், எத்தனை கிளாக். மல் என்ற பெருக்கல் வரியில், விடை ஆர்1, ஆர்0 என்ற இரண்டு ரெஜிஸ்டர்களில் வரும், இரண்டு கிளாக் ஆகும் என்று இருக்கிறது. எட்டு பிட்டை எட்டு பிட்டால் பெருக்கினால் விடை பதினாறு பிட், மேல் பைட் ஆர்1-இல், கீழ் பைட் ஆர்0-இல். அவ்வளவுதான். நிறையப் பேர் தேடல் இந்த அட்டவணையோடு நின்றுவிடும். ஏஆர்எம் சிப்பு எடுத்தால் இந்த அட்டவணைகூட டேட்டாஷீட்டில் இருக்காது.

இரண்டாவது புத்தகம்: கோருடையது

ஏவிஆர் குடும்பத்துக்குப் பொதுவாக "ஏவிஆர் இன்ஸ்ட்ரக்ஷன் செட் மேனுவல்" என்று தனியாக ஒன்று இருக்கிறது. சிப் பெயரைப் போட்டுத் தேடினால் இது மேலே வராது. குடும்பப் பெயரைப் போட்டுத் தேடவேண்டும். ஒவ்வொரு இன்ஸ்ட்ரக்ஷனுக்கும் தனிப் பக்கம்: பதினாறு பிட்டும் எப்படி அமையும், எந்த ரெஜிஸ்டர்களில் வேலை செய்யும், ஒரு சின்ன உதாரணம். சம்மரியில் மறைந்திருக்கும் விஷயங்கள் இங்கேதான் வெளிச்சத்துக்கு வரும். உதாரணமாக, மல் எந்த ரெஜிஸ்டரையும் ஏற்கும். குறியோடு பெருக்கும் மல்ஸ் 16 முதல் 31 வரை மட்டும் ஏற்கும். மல்ஸ்யூ என்றால் 16 முதல் 23 வரை மட்டும். அசெம்ப்ளர் "ரெஜிஸ்டர் சரியில்லை" என்று திட்டும்போது காரணம் இந்தப் பக்கத்தில் இருக்கும்.

இன்னொன்றும் கவனியுங்கள். மேனுவல் குடும்பத்துக்கு எழுதப்பட்டது, குடும்பத்தில் எல்லோருக்கும் எல்லாம் தெரியாது. ஏடிடைனி85-இல் பெருக்கும் ஹார்டுவேரே கிடையாது. மேனுவலில் மல் இருக்கிறது என்று எழுதிவிட்டால் அந்தச் சிப்பில் ஓடாது. அதனால்தான் முதல் புத்தகமும் வேண்டும், இரண்டாவதும் வேண்டும்.

இரண்டையும் வைத்துக்கொண்டு அசெம்ப்ளி கோப்பை வரி வரியாகப் படித்தேன். பெருக்கல் சரி. கூட்டல் சரி. கேரி சரி. இன்ஸ்ட்ரக்ஷன் மேனுவல்படி அதில் ஒரு தப்பும் கிடையாது. விடை மட்டும் தப்பு.

மூன்றாவது புத்தகம்: ஒப்பந்தம்

அடுத்துச் செய்தது, கம்பைல் ஆன கோப்பை ஏவிஆர்-ஆப்ஜ்டம்ப் போட்டுத் திறந்தது. நாம் எழுதிய சி வரி கடைசியில் என்ன இன்ஸ்ட்ரக்ஷனாக மாறியது என்று அது காட்டிவிடும். அசெம்ப்ளி முடிந்ததும் வருகிற சி வரி சாதாரணமானது: அசெம்ப்ளி ஒரு பைட்டில் வைத்துவிட்டுப் போகும் 0 அல்லது 1-ஐ, ரவுண்டு செய்வதற்காக, விடையோடு கூட்டுவது. எட்டு பிட் எண்ணைப் பதினாறு பிட் எண்ணோடு கூட்டும்போது மேல் பைட்டோடு பூஜ்யத்தையும் கேரியையும் கூட்டவேண்டும். அந்தப் பூஜ்யத்துக்காக கம்பைலர் ஒரு ரெஜிஸ்டரை எடுத்திருந்தது. ஆர்1.

ஆர்1 ஏன் பூஜ்யம்? சிப் டேட்டாஷீட்டில் அப்படி இல்லை. இன்ஸ்ட்ரக்ஷன் மேனுவலிலும் இல்லை. ஏவிஆர்-லிப்சி என்ற சி லைப்ரரியின் கையேட்டில், கேள்வி-பதில் பகுதியில், கம்பைலர் எந்தெந்த ரெஜிஸ்டரைப் பயன்படுத்தும் என்ற தலைப்பின் கீழ் இருக்கிறது. ஆர்1 எப்போதும் பூஜ்யம் என்று சி கோடு நம்புகிறது. அசெம்ப்ளி அதை இடையில் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் திரும்பும் முன் துடைத்துவிட வேண்டும். பெருக்கல் இன்ஸ்ட்ரக்ஷன்கள் விடையை ஆர்1-இல் போடுவதால் அவற்றுக்கும் இது பொருந்தும் என்று சொல்லியே இருக்கிறார்கள்.

கணக்கு ஒத்துவந்தது. 1500 என்பது 5 × 256 + 220. மேல் பைட் 5. கடைசிப் பெருக்கல் 5 × 252 = 1260. அதன் மேல் பைட் 4. அந்த 4 ஆர்1-இலேயே கிடந்தது. பூஜ்யம் என்று நம்பிக் கூட்டிய கம்பைலர் 4 × 256 = 1024-ஐச் சேர்த்துவிட்டது. 5.12 நிமிடத்துக்குள் மேல் பைட் 0 அல்லது 1; 1 × 252 = 252, அதன் மேல் பைட் 0. அதனால்தான் சீனியர்களின் அட்டவணை முழுக்கச் சரியாக வந்தது. அவர்கள் சோதித்த இடத்தில் அது உண்மையிலேயே சரி.

திருத்தம் ஒரே வரி: சிஎல்ஆர் ஆர்1. பொட்டி 15.1 காட்டியது.

இதைச் சித்தப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். "ஒரு டப்பா காலியா இருக்கும்னு நம்பி இவன் எடுக்கிறான், முன்னாடி எடுத்தவன் மிச்சத்தைக் கொட்டாம வச்சுட்டான்" என்றேன். அவருக்கு அதுக்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. "படகுல அதானே மொத ஒழுங்கு. ராத்திரில லைட்டு அடிச்சா தேடுவ? எறைக்கிற டப்பா எந்த மூலையில, கத்தி எந்தப் பலகை அடியில, எல்லாம் கை வச்சா இருக்கணும். புதுசா வர்ற பயலுக்கு மொத நாளு அதைத்தான் சொல்லுவோம். எந்தப் பொஸ்தகத்துலயும் போட்டிருக்காது."

நம் துறையில் அதைப் புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள், அதுதான் வித்தியாசம். காலிங் கன்வென்ஷன் என்று பெயர். எந்த ரெஜிஸ்டரை நீ கெடுக்கலாம், எதைக் கெடுத்தால் திருப்பி வைக்கவேண்டும், விடையை எங்கே வைக்கவேண்டும். சிப்புக்கு இது தெரியாது. ஒரே படகில் இருக்கும் நமக்கும் கம்பைலருக்கும் இடையில் உள்ள ஒழுங்கு அது.

மற்ற சிப்புகளுக்கு

உங்கள் ப்ராஜெக்ட்டில் வேறு சிப் இருக்கலாம். மூன்று புத்தகக் கணக்கு மாறாது, பெயர்தான் மாறும்.

எஸ்டிஎம்32எஃப்103 எடுத்தால், டேட்டாஷீட்டில் மின்சாரமும் பின்னும். ஆர்எம்0008 என்ற ரெஃபரன்ஸ் மேனுவலில் டைமர், ஏடிசி மாதிரியான சமாச்சாரம். இரண்டிலும் இன்ஸ்ட்ரக்ஷன் கிடையாது. பிஎம்0056 என்ற புரோகிராமிங் மேனுவலில் இருக்கிறது. "புரோகிராமிங் மேனுவல்" என்ற பெயரைப் பார்த்து, இது ஆரம்பப் பாடம் என்று பலர் திறப்பதே இல்லை. இன்னும் ஆழமாக வேண்டுமென்றால் கோரை டிசைன் செய்த ஏஆர்எம் கம்பெனியின் ஆர்க்கிடெக்சர் ரெஃபரன்ஸ் மேனுவல். கார்டெக்ஸ்-எம்3 என்றால் ஏஆர்எம்வி7-எம், கார்டெக்ஸ்-எம்0 என்றால் ஏஆர்எம்வி6-எம். மாற்றி எடுத்தால் வம்பு: எம்3-இல் வகுத்தல் இன்ஸ்ட்ரக்ஷன் உண்டு, எம்0-இல் கிடையாது. லேபில் இருக்கும் எல்பிசி2148 போர்டு என்றால் அது ஏஆர்எம்7 கோர், அதற்குப் புத்தகமே வேறு. மூன்றாவது புத்தகத்துக்கு ஏஏபிசிஎஸ் என்று தேடுங்கள்.

எம்எஸ்பி430 என்றால் ஃபேமிலி யூசர்ஸ் கைடில் சிபியு அத்தியாயம். அசல் இன்ஸ்ட்ரக்ஷன் 27-தான். கூடுதலாக 24 "எமுலேட்டட்". அதாவது பெயர் மட்டும் வேறு, உள்ளே அசல் ஒன்று. சிஎல்ஆர் என்று எழுதினால் உள்ளே போவது பூஜ்யத்தை நகர்த்தும் மூவ். ஏவிஆரிலும் இதே கதை. சிஎல்ஆர் ஆர்1 என்று எழுதிவிட்டு ஆப்ஜ்டம்ப்பில் தேடினால் கிடைக்காது. ஈஓஆர் ஆர்1, ஆர்1 என்றுதான் இருக்கும். தன்னைத் தானே எக்ஸார் செய்தால் பூஜ்யம். மேனுவலில் ஒரு இன்ஸ்ட்ரக்ஷன் இல்லையே என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் முன், அது புனைபெயரா என்று பாருங்கள்.

கடைசியாக, நம்ம ஊர்க் கதை. சென்னை ஐஐடியில் 2014-இல் தொடங்கிய ஷக்தி ப்ராசசர் திட்டம் 2018-இல் சிலிக்கானாக வந்து லினக்ஸை ஓட்டியது. அதில் இ-கிளாஸ் என்ற சின்னக் கோர் நம்மைப் போல எம்பெடட் வேலை செய்கிறவர்களுக்கானது. ஷக்தி தனக்கென்று புது இன்ஸ்ட்ரக்ஷன் செட் எழுதிக்கொள்ளவில்லை. 2010-இல் பெர்க்லியில் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவை எடுத்துக்கொண்டது. அந்த மேனுவல் எல்லோருக்கும் இலவசம், திறந்த உரிமம். அடிப்படையான ஆர்வி32ஐ-யில் வெறும் 40 இன்ஸ்ட்ரக்ஷன். பெருக்கல்கூட அடிப்படையில் இல்லை, எம் என்ற தனிச் சேர்க்கையில் இருக்கிறது. ஐஐடியில் கோரை டிசைன் செய்கிறவர் படிப்பதும், நாம் ஹாஸ்டலில் படிப்பதும் ஒரே புத்தகம்.

அதில் ஒரு பக்கம் வந்ததும் நான் நின்றுவிட்டேன். எக்ஸ்0 என்ற ரெஜிஸ்டர். அது எப்போதும் பூஜ்யம். நீங்கள் எதை எழுதினாலும் பூஜ்யம். ஏவிஆரில் ஆர்1 பூஜ்யமாக இருப்பது கம்பைலரின் நம்பிக்கை. யார் வேண்டுமானாலும் கெடுக்கலாம். ரிஸ்க்-ஃபைவில் அது ஹார்டுவேரிலேயே இருக்கிறது; யாராலும் கெடுக்க முடியாது. மூன்று பேட்ச் தாண்டி எங்கள் கைக்கு வந்த பக் அங்கே பிறந்தே இருக்காது. ஒரு விதியை எந்தப் புத்தகத்தில் வைப்பது என்பதும் டிசைன்தான் என்று அன்றைக்குப் புரிந்தது.

கையோடு வைத்துக்கொள்ள

ப்ராஜெக்ட் தொடங்கும் அன்றே மூன்று பிடிஎஃப்பையும் போனில் இறக்கி வையுங்கள். ஊருக்குப் போனால் சிக்னல் இருக்கும் என்று நம்பாதீர்கள், நான் நம்புவதில்லை. கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்தே எடுங்கள். வேறு எங்கோ கிடைக்கும் கோப்பு எந்த வெர்ஷன் என்று தெரியாது. கூடவே எர்ராட்டா என்ற சின்னக் கோப்பையும் எடுங்கள். சிப்பில் இருக்கும் தப்புகளைக் கம்பெனியே ஒப்புக்கொண்டு போட்டிருக்கும் பட்டியல் அது. தேடும்போது சிப் பெயரை விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் கோரின் பெயரைக் கண்டுபிடித்துத் தேடுங்கள். டேட்டாஷீட்டின் முதல் பக்கத்தில் அந்தப் பெயர் இருக்கும், அதற்காக மட்டுமாவது முதல் பக்கத்தைப் படியுங்கள். எந்த மேனுவலையும் நம்பாமல் ஆப்ஜ்டம்ப்பையும் ஒருமுறை பாருங்கள். மேனுவல் என்ன நடக்கவேண்டும் என்று சொல்லும், என்ன நடந்தது என்று இதுதான் சொல்லும்.

இதையெல்லாம் சி-யிலேயே எழுதியிருந்தால் பிரச்சினையே வந்திருக்காதே என்று வைவாவில் மேடம் கேட்டார். வந்திருக்காதுதான். கம்பைலர் தானே பெருக்கினால் தானே துடைத்துவிடும். ஆனால் அசெம்ப்ளி கோப்பை நாங்கள் தூக்கவில்லை. அடுத்த பேட்ச் திறந்து பார்க்கட்டும் என்று வைத்திருக்கிறோம்.

பொட்டி இப்போது சித்தப்பா படகில், பிளாஸ்டிக் டப்பாவுக்குள், அணியத்துக்குப் பக்கத்தில் கட்டியிருக்கிறது. மூன்று மைல் இருக்கும்போது கத்தும்படி வைத்திருக்கிறோம். முதல் வாரம் தன் பழைய ஜிபிஎஸ்ஸோடு ஒத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டாவது வாரம் போன் செய்தபோது பொட்டியைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. "ஒயரைப் புடுங்கிட்டீங்களா சித்தப்பா?" என்றேன். "ஏம்மா, அது ஒழுங்காத்தானே இருக்கு" என்றார்.

அசெம்ப்ளி கோப்பின் தலையில் மூன்று புத்தகங்களின் பெயரையும் கமென்ட்டாக எழுதிவிட்டேன். அதன் கீழே தமிழில் ஒரு வரி: "ஆர்1-ஐ எடுத்தால் துடைத்துவிட்டுப் போகவும். 5 நிமிடத்துக்கு அப்பாலும் சோதிக்கவும்."